வீட்டில் வளர்த்த காய்கறி நாற்றைச் சந்தையில் விற்பது: உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

உச்சிப்புளி தோட்டம் | ஆகஸ்ட் 19, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக வீட்டுக் கொல்லையில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று போடுகிறேன். முதலில் எங்கள் தேவைக்கு மட்டும்தான், மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவேன். போன வருடம் மதினிதான் "இதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன" என்று ஆரம்பித்து வைத்தார். இந்த ஆடிச் சந்தைக்கென்று முன்கூட்டியே துணிந்து நான்கு குழித்தட்டு போட்டேன், ஒவ்வொன்றிலும் 98 குழி. சந்தையில் கீரை விற்கும் அக்கா ஒருவர் தன் கடை ஓரமாக இடம் கொடுத்தார். சாக்கை விரித்து உட்கார்ந்தேன். நாற்று ஒன்று ஐந்து ரூபாய். இரண்டு வாரத்தில் 210 நாற்று போனது, எனக்கே நம்ப முடியவில்லை.

மூன்றாவது வாரம் தேவிபட்டினம் பக்கத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர், செய்தித்தாளில் மடித்து ஆறு செடிகளைக் கொண்டுவந்து சாக்கின் மேல் வைத்தார். திட்டவில்லை. "கொடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு தாயி, பத்து நாள்ல இப்படி ஆயிருச்சு" என்றார். கையில் எடுத்துப் பார்த்தேன். இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகி, நெருப்பில் காட்டிய காகிதம் மாதிரி உள்பக்கமாகச் சுருண்டிருந்தது, நடு நரம்பு பச்சையாகவே இருந்தது. தண்டில் அழுகல் இல்லை, வேரில் புழு இல்லை. வேரைப் பிடித்திருந்த மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் நாற்றுக்கு ஊற்றியது காவிரிக் குழாய்த் தண்ணீர். முறை வைத்து வருகிற தண்ணீரில் இரண்டு குடம் எடுத்து நாற்றுக்கு ஊற்றியது தனியாக மனசை உறுத்துகிறது, அது வேறு விஷயம். அவர் வீட்டில் செடிக்கு ஊற்றுவது போர் தண்ணீர், வேறு வழியும் இல்லை. நல்ல தண்ணீரில் செல்லமாக வளர்ந்த பிள்ளையை நேராகக் கொண்டுபோய் உப்பில் இறக்கினால் என்ன ஆகும்? முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வேறு நாற்று எடுக்கவில்லை.

காய் விற்றால் அன்றைக்கே குழம்பில் தெரிந்துவிடும். நாற்று விற்றால் நாற்பது நாள் கழித்துத்தான் நாம் கொடுத்தது என்ன என்று தெரிகிறது, அதுவரை அந்த வீட்டில் ஒருவர் தினமும் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கிறார். அந்த 210 நாற்றில் எத்தனை பிழைத்தன என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை. புரட்டாசிக்கு மறுபடி போடலாம் என்று இருக்கிறேன். நம் கரையோரத்துத் தண்ணீருக்கு நிற்கிற மாதிரி நாற்றைப் பழக்க முடியுமா? அப்புறம், இப்படி விற்க உரிமம் ஏதாவது வேண்டுமா? கருப்புப் பிளாஸ்டிக் பைக்குப் பதில் என்ன செய்கிறீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி மொட்டைமாடி | ஆகஸ்ட் 19, இரவு 10.55

அக்கா, தண்ணீருக்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது ஆற்றுப் பாசன ஊருக்கும் ஆடியில் மழை கிடைக்கிற ஊருக்கும் சொன்னது. நமக்கு ஆடியில் மழை எங்கே இருக்கிறது? கச்சான் காற்றுதான் இருக்கிறது, அதுவும் பகல் முழுக்கச் சூடாக. புதிதாக நட்ட நாற்று வேர் பிடிப்பதற்குள் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். உங்கள் உச்சிப்புளி இன்னும் மோசம், தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா, நடுவில் ஒரு நாடா மாதிரி நிலம். எங்கிருந்து அடித்தாலும் உப்புக் காற்றுதான்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருடத்தின் பெரும் மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. குண்டு மிளகாய்க்காரர்கள் புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது அதனால்தான். வீட்டுத் தோட்டத்துக்கும் அதே கணக்கு. புரட்டாசி நடுவில் நாற்றை விற்றால், வாங்கினவர் ஒரு பத்துப் பதினைந்து நாள் போர் தண்ணீர் ஊற்றுவார், அப்புறம் மழை மண்ணைக் கழுவிவிடும். ஆடியில் விற்றால் மூன்று மாதம் உப்பு ஏறிக்கொண்டே போகும். நான் ஆடியில் கீரை விதைகூட யாருக்கும் கொடுப்பதில்லை. யார் கேட்டாலும் ஆவணி கடைசியில் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

தோட்டக்கலை மாணவன் | ஆகஸ்ட் 20, காலை 7.10

அக்கா, நீங்கள் சொன்ன அடையாளம், ஓரம் கருகி நடு நரம்பு பச்சையாக நிற்பது, உப்பு அடித்ததன் அடையாளமேதான். தண்ணீர் இலை வழியாக ஆவியாகும்போது உப்பு ஓரத்தில் தங்கிவிடுகிறது, அதனால் கருகல் ஓரத்தில் தொடங்குகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தது சரியான சோதனை. ஆனால் நாக்கு பொய் சொல்லும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பேனா அளவுதான் இருக்கும், விலையும் அதிகமில்லை.

கணக்கு இப்படி. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதை மின்கடத்தும் திறனை வைத்து அளப்பார்கள். ஒரு அலகு என்றால் மீட்டரில் ஏறக்குறைய 640 காட்டும், அதாவது லிட்டருக்கு 640 மில்லிகிராம். உலக உணவு வேளாண் அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியில் எந்தப் பயிர் எவ்வளவு வரை விளைச்சல் குறையாமல் தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். பீன்ஸ் 0.7, வெங்காயம் 0.8, மிளகாய் 1, தக்காளி 1.7, பீட்ரூட் 2.7. மீட்டர் கணக்கில் மிளகாய்க்கு 640, தக்காளிக்கு ஏறக்குறைய 1,090, பீட்ரூட்டுக்கு 1,700 சொச்சம். அதற்கு மேல் போனால் உடனே செத்துவிடாது, படிப்படியாக விளைச்சல் குறையும். இளநாற்று பெரிய செடியைவிட மென்மையானது, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரே மிளகாய் ஊர், 2023இல் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வந்தது, அதனால் மிளகாய் இங்கே எதையும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மானாவாரியில் மழைத் தண்ணீரில் வருகிற பயிர். போர் தண்ணீரை நம்பி மிளகாய் நாற்று வாங்குபவரிடம் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வீட்டுக்கு முதலில் தக்காளியையும் பீட்ரூட்டையும் காட்டுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். குழித்தட்டில் என்ன நிரப்பினீர்கள்? தேங்காய் நார்த்தூள் கட்டி என்றால் அதைக் கழுவினீர்களா? உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூளாக இருந்தால் அதிலேயே உப்பு இருக்கும். ஊறவைத்த தண்ணீரை அளந்து பாருங்கள்.

மணல்மேடு | ஆகஸ்ட் 20, மதியம் 2.25

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மல்லிகை நாற்றுதான் தொழில். மல்லிகை என்றால் மதுரை என்பார்கள், அந்த மதுரைத் தோட்டத்துக்கும் நாற்று எங்கள் தீவிலிருந்துதான் போகிறது, வெளி மாநிலத்துக்கும் போகிறது. கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு நாற்று எப்படி வளர்க்கிறீர்கள் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். பதில் மணலில் இருக்கிறது. மணலில் விழுந்த மழைத் தண்ணீர் கீழே இறங்கி, கடல் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கையால் தோண்டுகிற ஊற்றில் கிடைப்பது அந்தத் தண்ணீர். ஆசைப்பட்டு ஆழமாக போர் போட்டு மோட்டாரை ஓட்டினால் மேல் படலம் தீர்ந்து கீழே இருக்கிற உப்பு ஏறிவரும், அப்புறம் அந்தக் கிணறு பழைய நிலைக்கு வர வருடக்கணக்காகும். எங்கள் தாத்தா காலத்தில் ஆள் உயரத்துக்குமேல் தோண்டமாட்டார்கள். காலையில் ஊறியதை எடுத்து ஊற்றிவிட்டு, சாயங்காலம் வரை விட்டுவிடுவார்கள்.

உச்சிப்புளியில் உங்கள் வீடு மணல் பக்கமா, களர் பக்கமா தெரியவில்லை. மணல் என்றால் கொல்லையில் ஒரு சின்ன ஊற்று தோண்டிப் பாருங்கள். காவிரித் தண்ணீரைத் தொட வேண்டாம், மனசும் உறுத்தாது.

நாற்றுத் தொழிலில் நாங்கள் கடைப்பிடிப்பது ஒன்று உண்டு. மல்லிகைக் குச்சி வேர்பிடித்துக் கட்டுகிற நிலைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். கேட்டு வந்தவர் வாசலில் நின்றாலும் வேர் வெள்ளையாக, விரலில் சுற்றுகிற மாதிரி இல்லை என்றால் பிடுங்கமாட்டோம். இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவோம். அவர் வேறு வீட்டுக்குப் போனாலும் போகட்டும். காய்கறி நாற்றிலும் சந்தை நாள் வந்துவிட்டதே என்று இளசாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

உச்சிப்புளி தோட்டம் | ஆகஸ்ட் 22, இரவு 8.15

மீட்டர் வாங்கிவிட்டேன். தம்பி கேட்டது சரியான கேள்வி. கடையில் வாங்கிய நார்த்தூள் கட்டியை ஊறவைத்த தண்ணீர் 1,850 காட்டுகிறது! போன தடவை இதை ஒரு முறை நனைத்துப் பிழிந்து அப்படியே நிரப்பினேன். ஆக, பெரியவரின் போர் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, நாற்றோடு சேர்த்து உப்பையும் நானேதான் கொடுத்திருக்கிறேன். காவிரித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தவரை வெளியே தெரியவில்லை, அங்கே போனதும் இரண்டும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்தேன். இரண்டாவது தடவை 900, மூன்றாவது 410. எங்கள் போர் 1,400. மணல்மேடு சொன்ன மாதிரி கொல்லையின் கிழக்கு ஓரத்தில் தோண்டினோம், இடுப்பளவில் ஊறியது, 520 காட்டுகிறது. அத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு இது நல்ல தண்ணீர் என்றார்.

சந்தைப்பை | ஆகஸ்ட் 23, காலை 6.30

உரிமம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். திருப்புல்லாணி பக்கம் கத்தரி, வெண்டை போடுகிறேன், உழவர் சந்தை அட்டை இருக்கிறது, பல வருடமாக ராமநாதபுரம் சந்தைக்கு வருகிறேன்.

முதலில் சட்டம். 1966ஆம் வருட விதைகள் சட்டத்தில் விதை என்றால் விதை மட்டும் இல்லை, உணவுப் பயிரின் நாற்று, கிழங்கு, பதியன், ஒட்டு எல்லாம் சேர்த்துத்தான். அதே சட்டத்தின் 24ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒருவர் தானே வளர்த்து, தன் இடத்திலேயே, நடப்போகிறவருக்கு நேரடியாக விற்றால் அந்தச் சட்டம் அவரைப் பிடிக்காது. கவனியுங்கள், தன் இடத்திலேயே. வீட்டு வாசலில் விற்பது ஒன்று, சந்தையில் கடை போடுவது வேறு. 1983ஆம் வருட விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை, நாற்று விற்பனையைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் வாங்க வேண்டும், இருப்பையும் விலையையும் எழுதி வைக்க வேண்டும், வாங்குபவருக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். 2001ஆம் வருடப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை கொடுக்கிறது, பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தச் சட்டத்தில் பதிவு செய்து பாதுகாத்த ரகத்துக்கும் அது பொருந்தும்.

ஒரு சாக்கில் ஐம்பது நாற்று வைத்திருப்பவரை யாரும் வந்து பிடிக்கப்போவதில்லை என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு தடவை மாவட்ட விதை ஆய்வாளர் அலுவலகத்துக்கு நேரில் போய், இந்த அளவில் வீட்டில் வளர்த்து விற்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்தால் நிமிர்ந்து உட்காரலாம்.

அடுத்து சந்தை. 1999இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்ததே, தரகர் இல்லாமல் விளைவித்தவர் கையால் விற்கத்தான். அட்டை வாங்க நிலத்துக்கான ஆவணமும் என்ன பயிர் நிற்கிறது என்பதும் காட்ட வேண்டும். உங்கள் கொல்லை அளவுக்கு அது சிரமம். என் யோசனை, உங்கள் கீரைக்கார அக்காவிடமே பேசுங்கள். வாரச் சந்தையில் இடம் கிடைப்பது இதைவிடச் சுலபம், தரைவாடகை கொடுத்தால் போதும்.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். காயில் எனக்குப் பத்து மணிக்கு மேல் விலை இறங்கும், வெயில் ஏறினால் வாடும். நாற்று அப்படி இல்லை, விற்காவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி தண்ணீர் ஊற்றலாம். அதனால் கடைசி நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அப்படி ஒரு நாள் செய்தால் அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள்.

கீழக்கரை மாடித்தோட்டம் | ஆகஸ்ட் 23, மாலை 5.50

வாங்குகிறவள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் தெருவில் பாதி வீடு மொட்டைமாடியில்தான் செடி வைக்கிறது, எங்கள் லாத்தா (அக்கா) வீட்டில் மட்டும் நாற்பது தொட்டி. எங்களுக்கு இருபது மிளகாய் நாற்று வேண்டாம். இரண்டு தக்காளி, இரண்டு கத்தரி, மூன்று மிளகாய், ஒரு சுரை, ஒரு புடலை, இப்படிச் சேர்த்து ஒரு வீட்டுக்கு என்று கட்டிக் கொடுத்தால் ஐம்பது ரூபாய் கேட்டாலும் யோசிக்கமாட்டோம். (சுரை, புடலை வேரைத் தொந்தரவு செய்தால் கோபித்துக்கொள்ளும், அதைத் தனி மண்பிடியோடு கொடுங்கள்.)

எனக்கு நடந்தது ஒன்று. ஒரு இடத்தில் நாட்டுத் தக்காளி என்று சொல்லி நாற்று கொடுத்தார்கள். நன்றாகக் காய்த்தது. அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்து மறு வருடம் போட்டால் ஒரு செடி உயரமாக, ஒரு செடி குட்டையாக, ஒன்றில் உருண்டைப் பழம், ஒன்றில் நீளப் பழம். முதலில் கொடுத்தது வீரிய ஒட்டு ரகம், நாட்டுத் தக்காளி இல்லை. வீரிய ஒட்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதில் விதை எடுத்தால் அப்படியே வராது என்று தெரிந்திருந்தால் நான் எடுத்திருக்கவே மாட்டேன். ஒரு வருடம் போனது. உங்கள் நாற்றில் என்ன ரகம், விதை எங்கே எடுத்தது, எந்தத் தேதியில் விதைத்தது என்று மூன்று மட்டும் எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள், அதற்காக யாரும் கோபப்படமாட்டோம்.

தொண்டி மொட்டைமாடி | ஆகஸ்ட் 23, இரவு 9.05

நாற்றை உப்புத் தண்ணீரில் பழக்குவது என்ற பேச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஊற்றுத் தண்ணீர் 520 கிடைத்துவிட்டது, அதிலேயே வளர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே. இளசிலேயே உப்பைக் காட்டினால் குட்டையாகிவிடும். நான் ஒரு தடவை போர் தண்ணீரிலேயே விதைத்தேன், பாதி முளைக்கவே இல்லை.

தோட்டக்கலை மாணவன் | ஆகஸ்ட் 23, இரவு 10.20

அண்ணே, நீங்கள் சொல்வது முளைப்புக்கு முழுக்கச் சரி. முளைக்கும்போதும் முதல் இரண்டு இலை வரும்போதும் நல்ல தண்ணீர்தான். நான் சொல்வது கடைசிப் பத்து நாள். வெயிலுக்குப் பழக்குவதற்காக நிழல்வலையிலிருந்து வெளியே எடுத்துவைப்போம், தண்ணீரைக் குறைப்போம் இல்லையா, அந்த நாட்களில்தான். முதல் நாலைந்து நாள் மூன்று பங்கு நல்ல தண்ணீரும் ஒரு பங்கு போர் தண்ணீரும், அப்புறம் தக்காளிக்கு மட்டும் பாதிக்குப் பாதி. மிளகாயை ஒரு பங்கோடு நிறுத்திவிடுங்கள். செடி மெல்ல மெல்ல உப்பைச் சந்தித்தால் திடீரென்று சந்திப்பதைவிட நன்றாகத் தாங்குகிறது, தக்காளியில் இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் குட்டையாகும், உண்மை. சந்தையில் நீளமான நாற்று அழகாகத் தெரியும், நடுவதற்குக் குட்டைதான் நல்லது. ஊற்றும்போது வேரில், சாயங்காலம். இலையில் தெளித்து வெயில் பட்டால் அந்த உப்பு இலையிலேயே காய்ந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கரையோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பல மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத வசதி அது. ஒரு பாட்டில் தண்ணீரோடு போய்க் கேளுங்கள்.

சாயல்குடி ஓலை | ஆகஸ்ட் 25, காலை 11.40

பைக்குப் பதில் என்ன என்று கேட்டீர்களே. நம் ஊரில் பனை இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? கொட்டான் முடைகிற குருத்தோலை விலை கூடுதல், அது வேண்டாம். முற்றிய சாரோலை போதும், அடுப்புக்குப் போகிறது. இரண்டு இலக்கை (ஓலையில் பிரிகிற தனி இதழை) ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி ஒரு இரவு ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, காலையில் குறுக்காக ஒன்றின்மேல் ஒன்று வைத்து நான்கு பக்கமும் மேலே மடித்து, வாயை ஓலை நாரால் ஒரு சுற்று கட்டி ஈர்க்கால் குத்திவிட்டால் ஒரு கிண்ணம். மூலையில் தானாகவே இடைவெளி இருக்கும், தண்ணீர் வடியும். கிண்ணத்தோடு குழியில் வைத்துவிடலாம், மட்கிவிடும். வேர் ஓலையைத் துளைத்து வெளியே வரும், நான் தோண்டிப் பார்த்திருக்கிறேன். ஈரத்தில் இரண்டு மாதம் தாங்கும், அதற்குமேல் வைத்திருந்தால் கையோடு வரும்.

எங்கள் பக்கம் ஓலை வேலை தெரிந்த பெண்கள் நிறையப் பேர், வருடத்தில் பாதி நாள் வேலை இல்லை. நூறு கிண்ணத்துக்கு இவ்வளவு என்று பேசி அவர்களிடம் வாங்குங்கள், நீங்களே மடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். நான் விலை விசாரித்துச் சொல்கிறேன்.

உச்சிப்புளி தோட்டம் | செப்டம்பர் 30, இரவு 9.20

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 24ஆம் தேதி மிளகாயும் கத்தரியும், பத்து நாள் கழித்துத் தக்காளியும் விதைத்தேன். தக்காளி பி.கே.எம். 1, மிளகாய் எங்கள் அத்தை ஊரிலிருந்து வந்த குண்டு, கத்தரி ரகம் தெரியாது, "கொல்லைக் கத்தரி, பச்சை வரி" என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சை) புரட்டினேன், ஒரு கிலோவுக்கு நான்கு கிராம் என்கிறார்கள், என் கையளவு விதைக்கு விரல் நுனியில் ஒட்டுகிற அளவுதான் வந்தது. நாற்றழுகல் இந்தத் தடவை ஒரு தட்டின் மூலையில் மட்டும் வந்தது, அந்தப் பகுதியை அப்படியே வெட்டித் தூக்கிப் போட்டேன். வெள்ளை ஈ வராமல் நைலான் வலை சுற்றினேன், கச்சானுக்குத் தெற்கே ஓலைத்தட்டி கட்டினேன். ஒரு நாள் தட்டி சாய்ந்து வெள்ளாடு புகுந்து அரைத் தட்டுக் கத்தரியை முடித்துவிட்டது.

பழக்கும் வேலையில் தம்பி சொன்னபடிதான் செய்தேன். ஆனால் தொண்டி அண்ணன் பயந்ததும் வீண் இல்லை. ஒரு தட்டுத் தக்காளியை மட்டும் நல்ல தண்ணீரிலேயே விட்டுவைத்தேன், ஒப்பிட்டுப் பார்க்க. பழக்கியது விரல் நீளம் குட்டை, இலை கெட்டியாகக் கரும்பச்சையாக இருக்கிறது. பழக்காதது வெளிர்ப்பச்சையாகக் கொழுகொழுவென்று. இரண்டிலிருந்தும் பத்துப் பத்து எடுத்து எங்கள் போர் தண்ணீர் மட்டும் ஊற்றும் பாத்தியில் நட்டேன். இன்றைக்கு எட்டாவது நாள். பழக்காததில் ஆறு செடிக்கு ஓரம் கருகிவிட்டது, பழக்கியதில் ஒன்றுக்குத்தான். பத்துச் செடியை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது, இருந்தாலும் என் கண்ணால் பார்த்தது இது. மிளகாயிலும் கொஞ்சம் பழக்காமல் நட்டுப் பார்த்தேன், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இரண்டுமே முகம் வாடித்தான் நிற்கின்றன. அதனால் மிளகாய் நாற்றை மழை வந்த பிறகு நட்டால் போதும் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

விதை ஆய்வு அலுவலகத்துக்கும் போய் வந்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதுவரை வீட்டு வாசலில்தான் விற்பனை. கீரைக்கார அக்கா சந்தையில் என் வீட்டு அடையாளம் சொல்லி அனுப்புகிறார், பதிலுக்கு அவருக்கு வேண்டிய நாற்றைக் கொடுக்கிறேன். சாயல்குடியிலிருந்து 200 கிண்ணம் வந்தது. கீழக்கரைத் தங்கை சொன்ன மாதிரி வீட்டுக்கு ஒரு கட்டு, ஐம்பது ரூபாய். இதுவரை 23 கட்டு.

வாங்க வருகிறவரிடம் இப்போது முதல் கேள்வி, உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்பதுதான். சிலர் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டே வருகிறார்கள், மீட்டரை விட்டுப் பார்க்கிறோம். நேற்று ஒரு அம்மா கொண்டுவந்தது 3,100. அவருக்கு எதையும் விற்கவில்லை, மழை வரட்டும், கூரைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அப்புறம் வாருங்கள் என்றேன். முகம் சுருங்கிப்போனது. இப்போதும் நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மணல்மேடு | அக்டோபர் 1, காலை 6.05

அனுப்பியது சரி. அவர் திரும்பி வருவார். ஊற்றை மட்டும் ஒரே நாளில் வற்றடிக்காதீர்கள், விற்பனை கூடும்போது அந்த ஆசை வரும். வாரம் ஒரு தடவை மீட்டர் வைத்து எழுதி வையுங்கள், 700ஐத் தாண்டினால் இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

சந்தைப்பை | அக்டோபர் 1, மதியம் 1.15

கத்தரியில் பச்சை வரி என்று எழுதியிருக்கிறீர்களே, முள் இருக்குமா? எங்கள் பக்கம் அந்த ரகம் அநேகமாகப் போய்விட்டது. எனக்கு முப்பது நாற்று எடுத்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். நிலத்தில் தனியாக நட்டு விதைக்கு விடுகிறேன், வேறு கத்தரி பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து. கத்தரியில் கலப்பு சுலபமாக விழும்.

உச்சிப்புளி தோட்டம் | அக்டோபர் 14, மாலை 6.40

அண்ணே, காம்பில் முள் உண்டு, அதேதான். நீங்கள் கொண்டுபோன முப்பதும் பிடித்துவிட்டது என்று கேட்டு அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாளாகக் கிழக்கே கருத்துக்கொண்டு நிற்கிறது, நேற்று ராத்திரி ஒரு தூறல். மீதி இருப்பது 140 மிளகாய். பலத்த மழை அடித்தால் தட்டில் மண் கரைந்துவிடும், எல்லாவற்றையும் திண்ணையில் ஏற்றிவிட்டேன். ஒரு தார்ப்பாயும் கூரைத் தண்ணீர் பிடிக்க இரண்டு அண்டாவும் தயார்.

தேவிபட்டினத்துப் பெரியவர் இன்னும் வரவில்லை. கீரைக்கார அக்காவுக்கும் அவர் வீடு தெரியாது, சந்தையில் பார்த்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றிருக்கிறார். பழக்கிய தக்காளியில் ஆறு எடுத்து ஓலைக் கிண்ணத்தில் தனியாக வைத்திருக்கிறேன், இன்னும் இரண்டு வாரம் தாங்கும். தேவிபட்டினம் பக்கம் யாராவது இதைப் படித்தால், ஆடியில் சந்தையில் நாற்று வாங்கி ஆறு செடியைத் திருப்பிக் கொண்டுவந்தவர் யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.